முதுகு ஆபரேஷனுக்குப் பின் வீட்டுப் பயிற்சிச் சாமான்கள்: வாங்கத்தக்கவை எவை, கடையிலேயே விட வேண்டியவை எவை

கீழ்முதுகில் ஆபரேஷன் முடிந்த ஒருவர் மறுபடி உடற்பயிற்சிக்குத் திரும்ப வீட்டில் என்னென்ன வேண்டும்? தரையில் விரிக்க ஒரு மேட், இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பேண்டு மூன்று நிறத்தில், ஒரு ஒட்டடைக் கம்பு. முதல் மூன்று மாதத்துக்கு இவை போதும். ஆனால் டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே யாராவது ஒரு சொந்தக்காரர் டிரெட்மில்லுக்கு விலை விசாரித்திருப்பார். இன்னொருவர் தலைகீழாகத் தொங்கும் டேபிளின் வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பியிருப்பார். ஆன்லைன் கடையில் ‘முதுகு வலி’ என்று தேடினால் வரும் சாமான்களில் பல, ஆபரேஷன் ஆன முதுகை மறுபடி தியேட்டருக்கே அனுப்பக்கூடியவை. அதனால் எதை எந்த வாரத்தில் வாங்கலாம், வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும், எது வீண் செலவு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ‘முதுகு ஆபரேஷன்’ என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வேறு வேறு வைத்தியங்கள் அடங்கும். முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு, அதாவது டிஸ்க், பிதுங்கி நரம்பை அழுத்திய இடத்தில் பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பது மைக்ரோடிஸ்கெக்டமி. பெரும்பாலும் கீழ்முதுகின் கடைசி இரண்டு டிஸ்க் மட்டங்களான எல்4-எல்5 அல்லது எல்5-எஸ்1-இல் நடப்பது இதுதான். எலும்புகளுக்கு ஸ்க்ரூவும் ராடும் போட்டு இணைப்பது ஃபியூஷன். டிஸ்கெக்டமி ஆனவருக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் முறையான பயிற்சி தொடங்கிவிடும். ஃபியூஷன் ஆனவருக்கு எலும்பு ஒட்டவே மாதக்கணக்கில் ஆகும். எக்ஸ்ரேயில் ஒட்டியிருப்பதைப் பார்த்த பிறகுதான் சுமைப் பயிற்சி. கீழே வரும் வாரக் கணக்கெல்லாம் டிஸ்கெக்டமிக்கு உரியது. ஃபியூஷன் ஆனவர்கள் சர்ஜன் சொல்லும் கணக்கை மட்டுமே பின்பற்ற வேண்டும்.

பயிற்சியே வேண்டாம், படுத்தே இருப்போம் என்ற பயமும் சரியல்ல. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பின் 2014-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரத்தில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு, எதுவும் செய்யாதவர்களைவிட வலியும் முடக்கமும் விரைவாகக் குறைவதாகச் சொல்கிறது. மறு ஆபரேஷன் விகிதம் அதனால் கூடியதாகவும் தெரியவில்லை. ஆக, பயிற்சி செய்யலாமா என்று யோசிப்பதைவிட எந்தப் பயிற்சி, எந்தச் சாமானோடு என்று யோசிப்பதே பயன்.

அதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. 1999-இல் ஜெர்மனியில் வில்கெ குழுவினர் ஒரு தன்னார்வலரின் எல்4-எல்5 டிஸ்குக்குள் சென்சார் வைத்து அழுத்தம் அளந்தார்கள். படுத்திருக்கும்போது 0.1 மெகாபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). நிற்கும்போது 0.5. நின்றபடி முன்னால் குனிந்தால் 1.1. முதுகை வளைத்து 20 கிலோ தூக்கினால் 2.3. அதே 20 கிலோவை முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்கியபோது 1.7. ஒரே ஆள், ஒரே டிஸ்க் என்றாலும் எந்த அசைவு எவ்வளவு பாரம் ஏற்றுகிறது என்ற வரிசை நமக்குக் கிடைத்துவிட்டது. நம் ஊர்க் கணக்கில் அந்த 20 கிலோ என்பது ஒரு தண்ணீர் கேன். ஆகவே எந்தச் சாமானை எடுத்தாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது என் இடுப்பைப் பாரத்தோடு மறுபடி மறுபடி மடக்கவோ முறுக்கவோ வைக்கிறதா? ஆம் என்றால் வேண்டாம்.

இனி சாமான்கள்.

ஆஸ்பத்திரியிலேயே கையில் கொடுத்துவிடும் எல்.எஸ். பெல்ட்டிலிருந்து, அதாவது கீழ்முதுகைச் சுற்றிக் கட்டும் பட்டையிலிருந்து தொடங்குவோம். பெல்ட் முதுகைப் பிடித்து நிறுத்துவதில்லை. பெரிய அசைவுகளைக் கொஞ்சம் குறைக்கும், குனியப் போகும்போது வயிற்றில் குத்தி நினைவூட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆட்டோ, பஸ் பயணத்துக்கும், கூட்டத்தில் நிற்க வேண்டிய நேரத்துக்கும் பயன்படும். படுத்துச் செய்யும் பயிற்சிக்குப் பெல்ட் கட்டுவது வீண், ஏனென்றால் வேலை செய்ய வேண்டிய வயிற்றுத் தசையின் வேலையைப் பெல்ட் எடுத்துக்கொள்கிறது. ஃபியூஷன் ஆனவருக்கு சர்ஜன் எழுதிக்கொடுத்த கடினமான பிரேஸ் வேறு கதை. அதைச் சொன்ன நேரமெல்லாம் போட்டே ஆக வேண்டும்.

வாங்கும்போது பேன்ட் சைஸைச் சொல்லி வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்த சுற்றளவுதான் கணக்கு, அதுவும் அந்தக் கம்பெனியின் அளவு அட்டவணைப்படி. பின்புறம் இருக்கும் பட்டைகள் முதுகெலும்பின் இரு பக்கமும் வர வேண்டும், தையல் போட்ட இடத்தின் மேல் உட்காரக் கூடாது. கட்டிய பிறகு இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். உட்கார்ந்ததும் மேலேறி விலாவில் குத்தினால் பெல்ட் உயரம் அதிகம். நம் வெயிலுக்கு உள்ளே பருத்தி பனியன் இல்லாமல் கட்டினால் வேர்வையில் தோல் வெந்துவிடும், ஆறிக்கொண்டிருக்கும் தழும்புக்கு அது ஆகாது. ஒட்டிக்கொள்ளும் கொக்கிப் பட்டையில் (வெல்க்ரோ) துணி நூல் சேர்ந்தால் பிடி போய்விடும். பழைய பல்துலக்கும் பிரஷால் வாரம் ஒருமுறை சுத்தம் செய்தாலே பெல்ட்டின் ஆயுள் கூடும்.

முதல் நான்கு வாரத்தின் உண்மையான பயிற்சி நடைதான். ஐந்து முதல் பத்து நிமிடமாக, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. கால் குடைச்சல் கூடவில்லையென்றால் சில நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டி, ஒரே மூச்சில் அரைமணி நேரம் வரை போகலாம். இதற்கு வாங்க வேண்டியது குனியாமல் மாட்டக்கூடிய ஷூ, கூடவே நீளக் கைப்பிடி உள்ள ஷூ ஹார்ன். லேஸ் கட்டக் குனிவது நடையின் பலனையெல்லாம் கெடுத்துவிடும் என்பதால் இந்தச் சின்னப் பொருளுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் அதன் மேல் வைக்கும் கமோடு ஸ்டூலும் இதே வரிசையில் சேரும். பயிற்சிச் சாமான் இல்லைதான். ஆனால் காலையில் ஆழமாகக் குந்தி முக்குவது ஆபரேஷன் ஆன முதுகுக்கு ஆகாது.

மேட்டில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 6 மில்லிமீட்டர் தடிமன் சரியான அளவு. 4 மில்லிமீட்டரில் முழங்கால் வலிக்கும். 10 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மெத்தென்ற மேட்டில் கையும் முழங்காலும் புதைந்து ஆடும், நான்கு கால் நிலையில் செய்யும் பயிற்சியில் இடுப்பை நிலையாக வைக்க முடியாது. மொசைக், டைல்ஸ் தரையில் அடிப்பக்கம் வழுக்குகிறதா என்று கடையிலேயே காலால் தள்ளிப் பாருங்கள். தரையில் இறங்குவதும் எழுவதும் முதல் வாரங்களில் சிரமமாக இருந்தால் மேட்டைக் கெட்டியான கட்டிலின் மேல் விரித்துக்கொள்ளலாம். பஞ்சு மெத்தையில் பயிற்சி வேண்டாம்.

இந்த விமர்சனத்தில் முழு மதிப்பெண் வாங்கும் ஒரே பொருள் ரப்பர் பேண்டு. காரணம், டம்பெல்லைப் போல அதைத் தரையிலிருந்து குனிந்து எடுக்க வேண்டியதில்லை. பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். கை தவறினாலும் காலில் விழாது. அதே சமயம் அதிகம் ஏமாறும் பொருளும் இதுதான்.

பிசியோ கிளினிக்குகளில் பழக்கமான தெராபேண்டு வரிசையில் நிறம்தான் பலம். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று ஏறிக்கொண்டு போகும். பேண்டை அதன் நீளத்தைப் போல் இருமடங்கு இழுத்தால் மஞ்சள் சுமார் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6, கறுப்பு 3.3 கிலோ எதிர்ப்பு தரும். படிக்குப் படி அரைக் கிலோ அளவில்தான் வித்தியாசம், ஆபரேஷன் ஆன முதுகுக்குத் தேவை இந்தச் சின்னப் படிகள்தான். மற்ற கம்பெனிகளின் நிறம் இந்த வரிசையோடு பொருந்தாது. ஒரு கம்பெனியின் சிவப்பு இன்னொன்றின் கறுப்பைவிடக் கடினமாக இருக்கலாம். பெட்டியின் மேல் ‘150 பவுண்டு’ என்று அச்சடித்த கைப்பிடி வைத்த டியூப் செட்டுகளில், அது ஐந்து டியூபையும் ஒரே கைப்பிடியில் கோத்து இழுத்தால் வரும் கூட்டுத்தொகை. அந்த செட்டின் மிக லேசான டியூபே எட்டாவது வாரத்துக்குக் கனமாக இருக்கலாம்.

சோதிக்க எளிய வழி உண்டு. பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசின் கொக்கியில் பேண்டை மாட்டி, ஒரு மீட்டர் நீளப் பேண்டை இரண்டு மீட்டர் ஆகும்வரை இழுத்து எண்ணைப் பாருங்கள். தட்டையான பேண்டு, முழங்காலுக்கு மேல் போடும் லூப், டியூப் எதுவானாலும் இதே முறைதான். எண்ணைப் பேனாவால் பேண்டின் ஓரத்திலேயே எழுதிவிட்டால் பிறகு நிறத்தைப் பற்றிக் கவலையில்லை. இழுவை பேண்டின் நீளத்தைப் பொறுத்தே மாறும் என்பதால் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்று ஓரடி தள்ளி நின்றால் நேற்றைய பயிற்சி அல்ல அது. ‘நேற்று சரியாக இருந்தது, இன்று வலிக்கிறது’ என்று வருபவர்களில் பலருக்கு அடிக்காரணம் இதுதான்.

வெட்டு நீளம் நின்று செய்யும் பயிற்சிக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். ரோலாக வாங்கி வெட்டிக்கொள்வது தனித்தனித் துண்டாக வாங்குவதைவிட லாபம். வெட்டும்போது கத்திரி நேராகப் போக வேண்டும், ஓரத்தில் சிறு கீறல் விழுந்தாலும் அங்கிருந்துதான் பேண்டு கிழியும்.

எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். பேண்டைக் கதவிடுக்கில் மாட்டும் கதவு ஆங்கர் போட்டால், நீங்கள் இழுக்கும்போது கதவு சட்டத்தோடு மூடிக்கொள்ளும் பக்கம் நிற்க வேண்டும், தாழ்ப்பாளும் போட்டிருக்க வேண்டும். மறுபக்கம் நின்றால் கதவு திறந்து முகத்துக்கு வரும். நம் வீடுகளின் ஜன்னல் கம்பி இன்னும் வசதி, ஆனால் துருவும் பெயிண்ட் பொருக்கும் ரப்பரை அறுக்கும். கம்பியில் ஒரு துணியைச் சுற்றி அதன் மேல் கட்டுங்கள்.

ரப்பரின் முதல் எதிரி எண்ணெய். தலைக்கும் உடம்புக்கும் தேங்காய் எண்ணெய் தேய்த்த கையோடு பிடித்தால் பேண்டு சீக்கிரம் பிசுபிசுத்துத் தளர்ந்துவிடும். தைலம், வலி களிம்பும் அப்படியே. கையைக் கழுவித் துடைத்த பிறகு தொடுவதும், மாதம் ஒருமுறை லேசாகப் பவுடர் தூவி, வெயில் படாத அலமாரியில் சுருட்டி வைப்பதும் போதும். மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிட்ட பேண்டு சில வாரத்தில் வெள்ளைக் கோடு விழுந்து வெடிக்கத் தொடங்கும். இழுத்துப் பார்க்கையில் வெடிப்பு தெரிந்தால் குப்பைத் தொட்டிதான். அறுந்து அடித்தால் கண்ணுக்கு ஆபத்து. ரப்பர் கையுறை போட்டால் அரிக்கும் ஆட்களுக்கு லேட்டக்ஸ் இல்லாத பேண்டும் கிடைக்கிறது, விலைதான் கொஞ்சம் அதிகம்.

இதை வைத்து என்ன செய்வது? ஆறாவது வாரம் முதல், சர்ஜன் சரி என்ற பிறகு, லூப் பேண்டை முழங்காலுக்கு மேல் மாட்டி ஒருக்களித்துப் படுத்து, பாதங்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலைத் திறப்பது முதல் பயிற்சி. இடுப்பு பின்னால் சாய்வதுதான் இங்கே பிழை. முதுகைச் சுவரோடு ஒட்டிப் படுத்தால் சாய முடியாது. அடுத்தது மல்லாந்து படுத்துப் புட்டத்தை உயர்த்தும் பிரிட்ஜ். தோளிலிருந்து முழங்கால்வரை நேர்கோடு வந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் தூக்கினால் புட்டத்துக்குப் பதில் இடுப்பு வளைகிறது. தொடைப் பின்பகுதி பிடித்துக்கொண்டால் குதிகாலைப் புட்டத்துக்குக் கொஞ்சம் நெருக்கி வையுங்கள்.

நின்று செய்வதில் சிறந்தது பக்கவாட்டுத் தள்ளல், ஜிம்மில் பாலோஃப் பிரஸ் என்பார்கள். ஜன்னல் வலப்பக்கம் இருக்க நின்று, நெஞ்சு உயரத்தில் கட்டிய பேண்டை இரு கையாலும் நெஞ்சருகே பிடித்து, மெல்ல முன்னால் தள்ளிப் பத்து விநாடி நிறுத்தி, திரும்பக் கொண்டுவர வேண்டும். பேண்டு உடம்பைப் பக்கவாட்டில் முறுக்கப் பார்க்கும், முறுக விடாமல் நிற்பதுதான் பயிற்சி. மஞ்சளில் ஐந்து முறை, பக்கம் மாற்றி ஐந்து. மூச்சடக்கக் கூடாது. தோள் காதை நோக்கி ஏறினால் நிறம் கனம் என்று பொருள். அடுத்து பேண்டை இரு கையால் பின்னால் இழுக்கும் ரோயிங். முழங்கை விலாவை ஒட்டி வர வேண்டும், இடுப்பு பின்னால் சாயக் கூடாது.

காலில் பலக் குறைவு மிச்சம் இருப்பவர்களுக்குப் பேண்டின் இன்னொரு பயன் உண்டு. எல்5 நரம்பு அழுந்தியிருந்தால் கால் கட்டைவிரலையும் பாதத்தையும் மேலே தூக்குவதில் பலம் குறையும். எஸ்1 என்றால் நுனிக்காலில் எழும்புவதில். முதலாவதற்கு, படுத்து முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, கட்டில் காலில் கட்டிய மஞ்சள் பேண்டைப் பாதத்தில் மாட்டி மேல்நோக்கி இழுப்பது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து இதைச் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அந்த நிலையில் இடுப்பும் மடங்கும், நரம்பும் இழுபடும். இரண்டாவதற்குப் பேண்டே வேண்டாம், சுவரைப் பிடித்து நுனிக்காலில் எழும்பினால் போதும். ஆனால் புதிதாகப் பாதம் தொங்க ஆரம்பித்தாலோ, தொடை இடுக்கில் மரத்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ அது பயிற்சியால் சரிசெய்யும் விஷயமல்ல, அன்றே ஆஸ்பத்திரி. காய்ச்சல், தையலில் கசிவு, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவையும் அப்படியே.

வலிக்கு ஒரு எளிய விதி. பயிற்சிக்குப் பிறகு முதுகில் வரும் பிடிப்பு ஒரு நாளுக்குள் அடங்கினால் பரவாயில்லை. வலி புட்டம் தாண்டிக் காலுக்கு இறங்கினால் முந்தைய நிறத்துக்குத் திரும்புங்கள், இரண்டு மூன்று நாளில் மாறாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். எழுந்த உடனே எதையும் செய்ய வேண்டாம். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் அதன் மேல் விழும் இழுவை பகலைவிடப் பலமடங்கு. ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகு மேட்டை விரிக்கலாம்.

ஒட்டடைக் கம்பை மறந்துவிடவில்லை. குனிவதைப் புதிதாகக் கற்க அதைவிட நல்ல கருவி எந்தக் கடையிலும் இல்லை. கம்பை முதுகோடு நெட்டாக வைத்து, பின்தலை, தோள்பட்டைகளின் நடு, புட்டத்துக்கு மேலுள்ள எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் தொடும்படி பிடியுங்கள். முழங்காலைச் சற்றே மடக்கிப் புட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். மூன்றில் ஓரிடம் விலகினால் அங்கேயே நிறுத்தம். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற முதுகெலும்பு இயக்கவியல் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளில் ஒன்றான ‘பேர்ட் டாக்’கிலும், அதாவது நான்கு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டும் பயிற்சியிலும், இதே கம்பை முதுகில் படுக்க வைத்தால் இடுப்பு சாய்வதை அது உடனே காட்டிக்கொடுக்கும். காலை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்கினால் கம்பு உருண்டுவிடும். பத்து விநாடி நிறுத்தம், முதலில் ஆறு முறை, பிறகு நான்கு, பிறகு இரண்டு என்று இறங்குவரிசை. நீண்ட நேரம் ஒரே மூச்சில் நிற்பதைவிட இது களைப்பைக் குறைத்துத் தாங்கும் சக்தியைக் கூட்டும்.

ஜிம் பால் எட்டாவது வாரத்துக்கு மேல் வாங்கினால் பயன்படும். அதற்கு முன் வாங்கினால் பிள்ளைகள் விளையாடும். ஐந்தரை அடிக்குக் குறைந்தவருக்கு 55 சென்டிமீட்டர், அதற்கு மேல் ஆறடி வரை 65. கடைகளில் பெரும்பாலும் 75-ஐத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயரத்தில் இருக்க வேண்டும், கால் தரையில் முழுதாகப் படிய வேண்டும். கிழிந்தாலும் மெதுவாக இறங்கும் வகையா என்று பெட்டியில் பாருங்கள். முதல் நாள் முழுக்க காற்றடிக்காமல் கொஞ்சம் குறைத்து அடித்து, மறுநாள் மீதி அடித்தால் அளவு சரியாக நிற்கும். நல்ல பயன்பாடு: சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்துப் பாதிவரை உட்கார்ந்து எழுவது. கெட்ட பயன்பாடு: நாற்காலிக்குப் பதில் அதில் மணிக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்வது. தண்ணீர் சிந்திய டைல்ஸ் தரையில் பந்து நழுவுவதும் உண்டு.

டம்பெல் பத்து, பன்னிரண்டாவது வார விஷயம். இங்கே பிரச்சினை படி. 2.5, 5, 7.5 கிலோ என்றே அதிகம் கிடைக்கிறது; 2.5-இலிருந்து 5-க்குப் போவது இரட்டிப்பு. ஒரு கிலோ பிளேட் மாட்டக்கூடியதே நல்லது. சிமென்ட் நிரப்பிய பிளாஸ்டிக் பிளேட் மலிவு, ஆனால் ஜோடிக்குள்ளேயே எடை மாறியிருக்கும், வாங்கியதும் தராசில் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. எதுவானாலும் தரையில் வைக்காதீர்கள், முழங்காலுக்கு மேல் உயரமுள்ள ஸ்டூலில் வைத்து எடுங்கள். டம்பெல்லால் முதுகைக் கெடுத்துக்கொள்பவர்களில் பலருக்கு அது நேர்வது பயிற்சியின்போது அல்ல, முடித்துக் கீழே வைக்கும்போதுதான். முதல் பயிற்சியாக ஒரு கையில் மட்டும் எடையைப் பிடித்து, சாயாமல் நேராக நடப்பதைப் பரிந்துரைக்கலாம்.

மெஷின்களில் பின்சாய்வு இருக்கை உள்ள சைக்கிள் முதலிடம். நிமிர்ந்து ஓட்டும் சைக்கிளும் சரிதான், ஹேண்டில் உயரமாக இருந்தால். சீட் அதிக உயரமானால் பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பு பக்கத்துக்குப் பக்கம் ஆடும்; கால் முழுக்க இறங்கிய நிலையிலும் முழங்கால் லேசாக மடங்கியிருப்பதே சரியான உயரம். கையையும் சேர்த்து ஆட்டும் ஏர் பைக்கில் கைப்பிடி அசையாத மாடலாகப் பாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு முறுகும். குனிந்து ஓட்டும் ஸ்பின் பைக் பிறகு. டிரெட்மில் தெருவில் நடக்க வழியில்லாதவருக்கு மட்டும். மோட்டார் இல்லாத கையியக்க மாடல் வேண்டவே வேண்டாம், பட்டையை உந்த முன்னால் சாய்ந்தே நடக்க வேண்டியிருக்கும். மோட்டார் மாடலிலும் கரண்ட் கட் ஆனால் பட்டை நின்றுவிடும். கைப்பிடியைப் பிடிக்காமல் நடப்பவருக்கு அந்த உலுக்கல் போதும்.

கடையிலேயே விட வேண்டியவற்றில் முதலாவது டம்மி டிரிம்மர். பாதத்தை மாட்டி ஸ்பிரிங்கை இழுத்து முன்னும் பின்னும் சாயும் அந்தச் சாமான், பாரத்தோடு இடுப்பை மடக்குவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. சிட்-அப் பெஞ்சும் அதே இனம். மெக்கில் அளவுப்படி ஒரு சிட்-அப் முதுகெலும்பில் சுமார் 3300 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 330 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் ஏற்றுகிறது. நின்று சுழலும் ட்விஸ்டர் தட்டு, கையால் பிடித்துத் தரையில் உருட்டும் ஏபி வீல், துடுப்புப் போடுவதுபோல் இழுக்கும் ரோயிங் மெஷின் மூன்றும் நான்கு மாதத்துக்கு முன் நினைக்கவே கூடாதவை, முதல் இரண்டும் பிறகும் தேவையில்லாதவை. லெக் பிரஸ் பார்க்கப் பத்திரமாகத் தெரியும். முழங்கால் நெஞ்சுக்கு நெருங்கும்போது புட்டம் சீட்டிலிருந்து சுருண்டு எழும், அந்த நொடியில் முழு எடையும் மடங்கிய இடுப்பில்தான் இறங்குகிறது. தலைகீழ் டேபிள் ரத்த அழுத்தத்தையும் கண் அழுத்தத்தையும் ஏற்றும், பிபி, கிளாக்கோமா உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. ஃபோம் ரோலர் மேல்முதுகுக்கும் தொடைக்கும் ஓகே, கீழ்முதுகுக்கு இல்லை. மசாஜ் கன் தழும்பின் மேல் படவே கூடாது.

வீட்டுக்கு வரும் பிசியோ சேவையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். முதல் நாளே டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு, எந்த மட்டம், எந்தப் பக்கம் என்று பார்த்து, கட்டைவிரல் பலத்தையும் நுனிக்கால் நிற்பையும் சோதித்து எழுதிக்கொள்பவருக்குக் கொடுக்கும் காசு தகும். வந்ததும் லேசான மின்சாரம் பாய்ச்சி வலி குறைக்கும் ஐ.எஃப்.டி. மெஷினை ஒட்டி அரைமணி நேரம் போனைப் பார்ப்பவர் தருவது தற்காலிக வலி நிவாரணம் மட்டுமே. டிராக்‌ஷன், அதாவது முதுகை இழுத்து வைக்கும் சிகிச்சை, போடலாம் என்று சொன்னால் சர்ஜனுக்கு போன் செய்துவிட்டுச் சரி சொல்லுங்கள். யோகா வகுப்புக்குத் திரும்புபவர்கள் பச்சிமோத்தாசனம், ஹலாசனம், சர்வாங்காசனம் மூன்றையும் ஆசிரியரிடம் பெயர் சொல்லி விலக்கு கேட்டுக்கொள்ள வேண்டும். சூரிய நமஸ்காரத்தில் முன்குனிதல் வருவதால் அதையும் சேர்த்தே. நீச்சலுக்குத் தழும்பு முழுதாக மூடிய பிறகு போகலாம், மல்லாந்து நீந்துவதில் தொடங்குங்கள். தவளை நீச்சலில் ஒவ்வொரு மூச்சுக்கும் இடுப்பு பின்னால் வளையும், அது கடைசி.